ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? டியூபோடு வீட்டில் இருக்கும் குழந்தைக்கு எந்த உதவி எதுவரை

மகன் தொண்டையில் மூச்சுவிட டிரக்கி டியூபும் மூக்கில் உணவு கொடுக்க ரைல்ஸ் டியூபுமாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஏஜென்சி நர்ஸ், அரசுத் திட்டம், தொண்டு அமைப்பு, சொந்தக்காரர்கள் என்று நான்கு பக்கமும் உதவி கேட்டுப் பார்த்துவிட்டோம். டிஸ்சார்ஜ் ஆகப் போகிற குழந்தையின் பெற்றோர் "எது நல்லது?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்குச் சளி அடைத்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஏஜென்சியிலிருந்தே தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் போவது அங்கேதான். ராத்திரி முழுக்க ஆள் கிடைப்பதும் இங்கே மட்டும்தான். படித்த நர்ஸ் என்றால் 12 மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். மாதக் கணக்குப் போட்டால் பல வீடுகளில் ஒருவர் சம்பளம் அப்படியே போய்விடும். காசைவிடப் பெரிய சிக்கல், 'நர்ஸ்' என்று சொல்லி அனுப்புகிறவர்களில் பலர் வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது பெண் நல்ல மனசுக்காரி. ஆனால் முதல் ராத்திரியே பையனுக்குத் தொண்டையில் களகளவென்று சத்தம் வந்ததும் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். குழாயை எவ்வளவு ஆழம் விடுவது, எத்தனை விநாடியில் எடுப்பது என்று அவளுக்கு யாருமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளைத் திட்டி என்ன பயன்? அதிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் பகலில் என் முன்னால் மூன்று தடவை சக்‌ஷன் செய்யச் சொல்வேன். குழாய் டிரக்கி டியூபின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது, பத்து விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தால்தான் ராத்திரி ஷிப்ட்.

அரசுத் திட்டத்தைப் பலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். நான் பேச மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்றால் பிரஷர், சுகர் மாத்திரைதான் நினைவுக்கு வரும். அதிலேயே நோயின் கஷ்டத்தைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாமாகப் போய்க் குழந்தையின் பெயரைப் பதிய வேண்டும். எங்களுக்கு வந்த பிசியோ, பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டச் சொல்லிக்கொடுத்தார். சளி இளகி வந்தது, சக்‌ஷன் செய்யும் தடவையே குறைந்தது. ஒரு பைசா செலவில்லை. ஆனால் அவர்கள் வருவது பகலில், அவர்கள் முறைப்படி. நடுராத்திரிக்கு அது ஆகாது. சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம் வழியாகப் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே சிறப்பு ஆசிரியர் வருவதும் இப்படித்தான். கேட்டால்தான் கிடைக்கும்.

தொண்டு அமைப்புகள் என்றதும் தயங்குகிறவர்கள் நிறைய. ஆதரவு சிகிச்சையின் இங்கிலீஷ் பெயரான 'பாலியேட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதுமே கடைசிக் காலம் என்று பயந்துவிடுகிறோம். நானும் பயந்தேன். குழந்தைகள் விஷயத்தில் அது பல வருடம் கூடவே வரும் துணை. சென்னையில் கோல்டன் பட்டர்பிளைஸ் குழந்தைகளுக்கென்றே இந்த வேலையைச் செய்கிறது. சென்னைக்கு வெளியே இருக்கிற எங்களுக்கு ஒரு சின்னத் தன்னார்வக் குழுதான் கிடைத்தது. அவர்கள் தந்தது போன் நம்பர். டியூபைச் சுற்றிச் சிவந்திருந்தால் போட்டோ அனுப்புவேன், "பயப்படாதீங்க" என்றோ "உடனே கூட்டிட்டுப் போங்க" என்றோ பதில் வரும். அப்புறம், என்னிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். கேரளாவில் இது இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய பாலியேட்டிவ் சங்கத்தின் வழியில் அக்கம்பக்கத்து மக்களே தன்னார்வலர்களாகிறார்கள். அங்கே அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் பார்த்துக்கொள்கிறவர் பெயரிலேயே மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். தொகை சின்னதுதான், ஆனால் பார்த்துக்கொள்வதை ஒரு வேலையாகவே மதிக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அது ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு. வீட்டில் வாங்கும் சக்‌ஷன் மெஷினும் அதற்கான கதீட்டர் குழாயும் நம் தலையில். ஒன்றிய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் ஓரளவு கிடைக்கும். ஆனால் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கு மட்டும்தான். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழைக் கேட்பார்கள், அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

சரி, ராத்திரி இரண்டு மணி. எங்கள் வீட்டில் அதற்கு விடையாக வந்தவர் அத்தை, என் கணவரின் அம்மா. 61 வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு. டிஸ்சார்ஜுக்கு முன்னால் வார்டு சிஸ்டரிடம் கெஞ்சி, எனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவருக்கும் சொல்லிக்கொடுக்கவைத்தேன். முதல் வாரம் கை நடுங்கியது. இப்போது சத்தத்தை வைத்தே சளி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். வாரத்தில் மூன்று ராத்திரி அவர், மூன்று ராத்திரி நான், ஒரு ராத்திரி மட்டும் ஏஜென்சி நர்ஸ். அந்த ஒரு ராத்திரி நாங்கள் இருவருமே தூங்குகிறோம்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். இன்னொரு வீட்டு ஆளுக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே பயிற்சி, பகலுக்கு அரசுத் திட்டம், சந்தேகத்துக்குத் தொண்டுக் குழு, மிச்ச ராத்திரிக்குக் கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப ஏஜென்சி. தனியாக வளர்க்கும் அம்மாவுக்கு இந்த வரிசை பொருந்தாது, அவருக்கு ஏஜென்சி முதலிலேயே வேண்டும், மற்ற செலவைக் குறைத்தாவது.

யார் இருந்தாலும் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பை தொங்க வேண்டும். எங்கள் பையில் அதே அளவில் ஒரு டிரக்கி டியூப், ஒரு அளவு சின்னதாக இன்னொன்று, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், டார்ச், கரண்ட் போனால் மிதித்து இயக்கும் சக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, டார்ச்சை ஒருமுறை எரியவைத்து அணைத்து, திரும்ப மாட்டுவார்.