மாதிரி ராக்கெட்டுக்கு லாஞ்ச் கன்ட்ரோலர்: நேர் வயரா, ரிலேவா, ரிமோட்டா?

ஏவுமேடைக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரின் இரண்டு கம்பிகளிலும் கிளிப் மாட்டிக்கொண்டிருக்கிறார். விரல்கள் மருந்து அடைத்த மோட்டாரின் வாய்க்கு இரண்டு அங்குலத்தில் இருக்கின்றன, முகம் ஓர் அடி தூரத்தில். அந்த நொடியில் கம்பியில் மின்சாரம் வந்துவிட வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ராக்கெட்டைத் தள்ளி நின்று மின்சாரத்தால் ஏவும் பெட்டியான லாஞ்ச் கன்ட்ரோலர் எதையும் நான் எடைபோடுவேன். ராக்கெட்டை ஏவுகிறதா என்பது அப்புறம்தான். ஒரு பேட்டரியும் ஒரு பட்டனும் இருந்தால் எந்தப் பெட்டியும் ஏவிவிடும்.

வேலை எளிமையானதுதான். மோட்டாரின் வாய்க்குள் செருகும் இக்னைட்டரில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. சுமார் 2 ஆம்பியர் பாய்ந்தால் அது சிவக்கச் சூடாகி, மேலே பூசிய மருந்து பற்றி, மோட்டார் கிளம்பும். இதைச் செய்யும் பெட்டிக்கு அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி தன் பாதுகாப்பு விதிகளில் இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஏவும் பட்டனோடு தொடரிணைப்பில் ஒரு பாதுகாப்புப் பூட்டு, அதாவது சாவி போட்டால்தான் மின்சாரம் போகும் ஏற்பாடு, இருக்க வேண்டும். பட்டனிலிருந்து கையை எடுத்ததும் அது தானாக அணைந்துவிட வேண்டும். டி வகை வரையிலான (எழுத்து ஏற ஏற மோட்டார் பெரிது) மோட்டாருக்கு 15 அடி, அதைவிடப் பெரியதற்கு 30 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ராக்கெட் கிளம்பவில்லை என்றால் பூட்டின் சாவியை உருவிவிட்டு, கடைசி முயற்சியிலிருந்து 60 நொடி கழித்துத்தான் யாரும் பக்கத்தில் போகலாம். கீழே வரும் எந்த வகையைக் கட்டினாலும் இவற்றில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

நேர் வயர் பெட்டி

பேட்டரி, சாவி, பட்டன், இரண்டு இழை வயர், கடைசியில் இரண்டு முதலைக் கிளிப். அவ்வளவுதான். இதன் பெரிய பலம், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போது கிளிப்புக்கு மின்சாரம் போக வழியே இல்லை என்பது. கிளிப் மாட்டப் போகிறவரே சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது சாவி பெட்டியோடு வந்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பலவீனம் பேட்டரியில் இருக்கிறது. நான்கு ஏஏ செல் போட்டால் 6 வோல்ட். புதிய செல் ஒன்றின் உள்தடை சுமார் 0.2 ஓம், நான்குக்கும் 0.8. பத்து மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் போகவும் வரவும் 20 மீட்டர், அதுவும் கிட்டத்தட்ட 0.8 ஓம். இக்னைட்டரையும் 0.8 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2.4 ஓம், ஓட்டம் 2.5 ஆம்பியர். சரி, ஏவும். ஆனால் செல் கொஞ்சம் தேய்ந்து உள்தடை இரட்டிப்பாகிவிட்டால் 2 ஆம்பியருக்குக் கீழே வந்துவிடும். கிளிப்பில் கரி படிந்திருந்தால் இன்னும் குறையும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு நிற்கிற அனுபவம் பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. செவ்வக 9 வோல்ட் பேட்டரி இன்னும் மோசம். ஒன்றிரண்டு ஏவலுக்குத் தாங்கும், அப்புறம் படுத்துவிடும்.

அதே பெட்டியில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியை மாட்டிப் பாருங்கள். அதன் உள்தடை ஓர் ஓமில் சில நூறில் ஒரு பங்குதான். ஓட்டம் 7 ஆம்பியரைத் தாண்டும். பட்டனைத் தொட்டதும் ராக்கெட் போய்விடும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பெட்டிக்குள் ஷார்ட் ஆனால் இந்த பேட்டரி வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரியும் இதே வேலையைச் செய்யும், எடையும் குறைவு. ஆனால் ஷார்ட் ஆனாலும் அடிபட்டாலும் தீப்பிடிக்கிற சாதி அது. மடியில் வைத்துக்கொள்ளும் பெட்டிக்குள் அதை வைக்க எனக்கு மனமில்லை.

பல்பா, எல்இடியா

இணைப்பு சரியாக இருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கு வைப்பது வழக்கம். பட்டனின் இரு முனைகளுக்கும் குறுக்கே விளக்கைக் கட்டினால், சாவியைப் போட்டதும் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் இக்னைட்டருக்குள் ஓடும், விளக்கு எரியும். பேச்சே அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது. 12 வோல்ட், 5 வாட் பல்பைப் போட்டால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் பாயும். சாதாரண இக்னைட்டர் அதற்கு அசையாது. ஆனால் குறைந்த ஓட்டத்திலேயே பற்றும் வகைகள் உண்டு. மின்சாரத்தால் பற்றும் ஈ-மேட்ச்கள் பலவற்றின் பத்திரமான எல்லை 0.2, 0.3 ஆம்பியரிலேயே முடிந்துவிடுகிறது. குவெஸ்ட் நிறுவனம் விற்ற க்யூ2ஜி2 இக்னைட்டர்களும் இப்படித்தான். பல்பு வைத்த பெட்டியில் அவற்றை மாட்டினால் சாவியைத் திருப்பியதுமே, பட்டனைத் தொடும் முன்னே, ராக்கெட் கிளம்பிவிடலாம்.

எல்இடியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் ஓட்டம் 10 மில்லி ஆம்பியர்தான். எல்இடியே உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் 12, 13 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. இதற்காகவே என் பெட்டிகளில் பல்புக்கு இடமில்லை. அதே நேரத்தில் எல்இடியின் குறையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிளிப்பில் படிந்த அழுக்கால் ஐம்பது ஓம் தடை வந்தாலும் அது பிரகாசமாகவே எரியும், பல்பு என்றால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் எல்இடி எரியும். அது சொல்வது 'சுற்று மூடியிருக்கிறது' என்பதை மட்டும்தான். மற்றதை உப்புத்தாளால் கிளிப்பின் பற்களைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். கரிமருந்தின் புகை கிளிப்பை வேகமாக அரித்துவிடுவதால் நான் நான்கைந்து ஏவலுக்கு ஒருமுறை தேய்த்துவிடுவேன்.

ரிலே பெட்டி

இதில் பெரிய பேட்டரி ஏவுமேடையருகே இருக்கும். உங்கள் கையில் இருக்கும் பெட்டி நீண்ட மெல்லிய வயர் வழியாக ஒரு ரிலேயை, அதாவது சின்ன ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைப் போட்டு அணைக்கும் காந்தச் சுவிட்சை, மட்டும் இயக்கும். கார்களில் வருகிற 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு (காந்தச் சுருளுக்கு) 150 மில்லி ஆம்பியர் இருந்தால் போதும், அதன் தொடுமுனைகள் 30 ஆம்பியரைத் தாங்கும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடை எதிர்த்திசையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை விடும்போதெல்லாம் பொறி பறந்து பட்டனின் ஆயுள் குறையும்.

ஒரே ராக்கெட்டில் மூன்று மோட்டார் வைக்கும்போது இதன் அருமை தெரியும். முப்பது மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் நேரடியாக ஏவினால் வயரே 2.3 ஓம் எடுத்துக்கொள்கிறது. மூன்று இக்னைட்டருக்கும் சேர்த்து 4.6 ஆம்பியர்தான் மிஞ்சும், ஆளுக்கு ஒன்றரை. ஒன்று பற்றும், இன்னொன்று தாமதிக்கும், மூன்றாவது பற்றாமலே போகலாம். ஒரு பக்கம் மட்டும் எரிகிற ராக்கெட் கூட்டத்தை நோக்கிச் சாயவும் வாய்ப்பிருக்கிறது. ரிலே வைத்தால் நீண்ட வயரின் தடை கணக்கிலேயே வராது, மூன்றும் சேர்ந்து பற்றும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி நேரடியாகவும் செய்யலாம், ஆளுக்கு மூன்றரை ஆம்பியர் கிடைக்கும். ஆனால் அந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

இனி முதலில் சொன்ன காட்சிக்கு வருவோம். ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் பெட்டியில் ஒருமுறை ஒட்டிக்கொண்டது. ராக்கெட் கிளம்பிய பிறகும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். கீழே விழுந்த கிளிப்கள் இரண்டும் ஏவுமேடையின் இரும்புத் தகட்டில் பட்டு ஷார்ட் ஆகிவிட்டன. அந்த ஓட்டத்தில் முனைகள் உருகிப் பிடித்துக்கொண்டன. சாவியை எடுத்த பிறகும் கிளிப்பில் 12 வோல்ட் அப்படியே இருந்தது, ஏனென்றால் சாவி காயிலைத்தான் பூட்டுகிறது, பேட்டரியைப் பூட்டுவதில்லை. கிளிப்களுக்குக் குறுக்கே கட்டியிருந்த பஸ்சர் விடாமல் கத்தியதால்தான் தெரிந்தது. அது இல்லாமல் அடுத்த ராக்கெட்டை மாட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே ரிலே பெட்டி கட்டுகிறவர்கள் இரண்டைச் சேர்த்தே ஆக வேண்டும்: கிளிப்களுக்குக் குறுக்கே ஒரு பஸ்சர், பேட்டரியை அங்கேயே துண்டிக்க ஒரு சுவிட்ச். கிளிப் மாட்டும்போது அந்தச் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் உடம்பைப் பின்னுக்கு இழுத்து, முகத்தைத் திருப்பி, கையை நீட்டி அதைப் போட வேண்டும். ராக்கெட் அசைந்ததும் பட்டனை விட்டுவிடும் பழக்கமும் வேண்டும்.

ரிமோட்

கார் சாவி போன்ற 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும் சேர்ந்த போர்டைப் பார்த்ததும் வயர் இழுக்கிற தொல்லை ஒழிந்தது என்று ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது. இப்போது இதை வேண்டாம் என்றே சொல்வேன். மலிவான வகைகள் எப்போதும் ஒரே குறியீட்டையே அனுப்புகின்றன, அதைக் கேட்டு வைத்துத் திருப்பி அனுப்ப யாராலும் முடியும். பல போர்டுகளில் ஒருமுறை அழுத்தினால் போட்டபடியே நிற்கும் முறையும் உண்டு. முறையைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்பை இடம் மாற்றி வைத்துவிட்டால் கையை எடுத்தாலும் மின்சாரம் நிற்காது, விதியே மீறப்பட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிசீவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏவுமேடையில் ஆயத்தமான ஒரு சுற்று இருக்கிறது. 15 அடி வயரை விரிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காக இவ்வளவையும் ஏற்க வேண்டியதில்லை.

பெரிய மோட்டார்களுக்காக நூறு மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டியவர்கள் கதை வேறு. அவர்களுக்கு லோரா (நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) மாதிரி இருவழியாகப் பேசும் ரேடியோ பொருந்தும். சிக்னல் அறுந்தால் அணைந்துவிட வேண்டும். ரேடியோ என்ன சொன்னாலும் இக்னைட்டருக்கு மின்சாரம் போகவிடாமல் நிறுத்தும் சாவி ஒன்று ஏவுமேடையிலும் வேண்டும்.

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32

எண்களைக் காட்டவும் பத்திலிருந்து எண்ணவும் இந்தச் சின்னக் கணினி போர்டுகள் அழகாக இருக்கும். மின்சாரப் பாதையில் மட்டும் விடாதீர்கள். ஆர்டுயினோ விழிக்கும்போது அதன் முனைகள் எந்த நிலையும் இல்லாமல் மிதக்கும். ஈஎஸ்பி வகையில் சில முனைகள் தொடங்கும்போதே ஒரு துடிப்பு கொடுக்கும். இக்னைட்டர் ஓட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து சிப் மறுபடி தொடங்குவதும் உண்டு. இவற்றோடு சேர்க்கும் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் பழுதாகும், அதாவது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சாவியும் பட்டனும் கைக்குத் தெரியும் உலோக இணைப்பாகவே பேட்டரி வழியில் இருக்கட்டும். திரை வேண்டுமென்றால் அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

ஆக, ஒற்றை மோட்டார் ராக்கெட்டுகளை ஏவுகிறவருக்கு நான் சொல்வது 12 வோல்ட் பேட்டரி, எல்இடி, 10 மீட்டர் வயர் கொண்ட நேர் பெட்டி. மூன்று மோட்டார் கட்டத் தொடங்கியதும் பஸ்சரோடு ரிலேக்கு மாறலாம். எதைக் கட்டினாலும் முதல் ராக்கெட்டுக்கு முன் ஒரு நாள் மாலை அதை மேசைமேல் வையுங்கள். இக்னைட்டருக்குப் பதிலாக 12 வோல்ட், 21 வாட் கார் பல்பைக் கிளிப்பில் மாட்டுங்கள். அது 1.75 ஆம்பியர் இழுக்கும், இக்னைட்டர் பற்றத் தேவையான ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட சமம். முழு வயரையும் சுருளிலிருந்து விரித்துவிட்டு இருபது முறை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பளிச்சென்று எரிந்து, விட்டதும் அணைய வேண்டும். சாவியை உருவிவிட்டு இன்னும் இருபது முறை அழுத்துங்கள். அதில் ஒருமுறைகூட பல்பு மினுக்கக் கூடாது.