328 என்று அச்சடித்த 168: ஏவிஆர் சிப் வாங்குவோர் கவனத்துக்கு

28 பின் ஏடிமெகா328பி (ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏவிஆர் வகை மைக்ரோகண்ட்ரோலர்) சிப் மொத்தமாக வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எனக்கு விற்றது 328பி இல்லை. மேலே இருக்கும் அச்சு மட்டும்தான் 328பி.

தண்ணீர் மோட்டார் கண்ட்ரோலர் போர்டுகளுக்காக வாங்கினேன். சிப்பில் கோட் ஏற்றும் யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரில் மாட்டி, அதற்கான ஏவிஆர்டியூட் சாஃப்ட்வேரை ஓட்டியதும், சிக்னேச்சர் (சிப் தன் மாடலைச் சொல்லும் அடையாள எண்) பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. வரவேண்டியது 1இ 95 0எஃப். வந்தது 1இ 94 0பி. அது ஏடிமெகா168பி-யின் சிக்னேச்சர். அடுத்தடுத்து மாட்டிய சிப்புகளிலும் அதேதான்.

கடையில் கேட்டால், "உங்க புரோகிராமர் சைனா பீஸ் சார், தப்பா படிக்குது" என்றார்கள். இந்தப் பேச்சை நம்பிவிடாதீர்கள். ஒயர் விட்டுப்போனாலோ கிளாக் ஒத்துவராவிட்டாலோ பெரும்பாலும் எல்லாம் சைபராக வரும், அல்லது எஃப்எஃப் என்று வரும். வேறொரு சிப்பின் எண் அச்சுப்பிசகாமல் திரும்பத் திரும்ப வராது. என் ஊனோ போர்டிலிருந்து கழற்றிய சிப்பை அதே புரோகிராமரில் மாட்டிக் காட்டினேன். 95 0எஃப் என்று சரியாகப் படித்தது.

அடுத்து சொன்னது இன்னும் மோசம்: "மைனஸ் எஃப் போட்டு ஏத்துங்க, ஏறிடும்." ஏறத்தான் செய்யும். ஏவிஆர்டியூடின் அந்த ஆப்ஷன் சிக்னேச்சர் சோதனையைத் தாண்டிவிடும், சிப்பில் இல்லாத மெமரியைக் கொண்டுவராது. 328பி-யில் கோட் தங்கும் ஃபிளாஷ் மெமரி 32 கேபி, ரேம் 2 கேபி. 168பி-யில் இரண்டும் பாதி. எல்இடியைச் சிமிட்டவைக்கும் ஆர்டுயினோ பிளிங்க் கோட் ஏறியது, ஏற்றியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபையும் ஆனது, எல்இடி எரியவில்லை. 328பி-க்கு கம்பைல் செய்த கோட் தன் ஸ்டாக்கை (திரும்பிவரும் முகவரிகளைக் குறித்துவைக்கும் இடம்) 2 கேபி ரேமின் கடைசியில் வைக்கும். 168-இல் அந்த இடமே கிடையாது. ஃபங்ஷனுக்குள் போன கோட் திரும்பிவரும் முகவரியைத் தொலைத்துவிடுகிறது. என் கண்ட்ரோலர் கோட் 16 கேபிக்கு மேல் என்பதால் வெரிஃபையிலேயே விழுந்தது. புராஜெக்டுக்கு ஒன்றிரண்டு வாங்கும் மாணவர்கள் இது தெரியாமல் கிரிஸ்டலை மாற்றி, கெப்பாசிட்டரை மாற்றி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

அசிட்டோனில் நனைத்த பஞ்சால் சிப்பின் முதுகைத் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. கறுப்புப் பூச்சு போனதும், பழைய எழுத்தைச் சுரண்டிய மெல்லிய கோடுகள் ஒரே திசையில் தெரிந்தன. அதையும் காட்டினேன். பில்லில் "ஐசி" என்றுதான் இருக்கிறது, ரிட்டர்ன் கிடையாது என்று முடித்துவிட்டார்கள்.

முழு பார்ட் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். லேப்டாப்பும் புரோகிராமரும் கொண்டுபோய்க் கடையிலேயே படித்துப் பாருங்கள். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். ஏவிஆர்டியூடின் கேபிட்டல் பி ஆப்ஷனில் 10 கொடுத்து மெதுவாகப் படிக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல சிப்கூட பதில் சொல்லாமல் போகலாம். புது 328பி-யில் ஃபியூஸ் (கிளாக் போன்றவற்றைத் தீர்மானிக்கும் செட்டிங்) 62, டி9, எஃப்எஃப் என்று இருக்கும், ஃபிளாஷ் காலியாக இருக்கும். உள்ளே யாரோ எழுதிய கோட் கிடந்தால் அது எங்கிருந்தோ கழற்றிய சரக்கு.

என் சிப்புகளின் அச்சைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.