அப்பாவின் கியூ: பழுது பார்ப்பதா, புதிதாக்குவதா?

பரணிலிருந்து அப்பாவின் கியூவை, அதாவது ஸ்னூக்கர், பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோலை, இறக்கியதும் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "வார்னிஷைச் சுரண்டிட்டுப் பளபளன்னு ஆக்கிடலாம்" என்கிறான் தம்பி. "அவர் வைச்சிருந்த மாதிரியே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்கிறார் அம்மா. பந்தைத் தொடும் தோல் நுனியான டிப் கல்லாக இறுகிப்போயிருந்தது, மெல்லிய முன்பகுதியான ஷாஃப்ட் முழுக்க நீலச் சாக் (வழுக்காமலிருக்க டிப்பில் தடவும் சாக்கட்டி) கறை, பிடி அருகே வார்னிஷ் உரிந்திருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட நான், என்னென்ன வழி இருக்கிறது என்று தேடியதில் தெரிந்தவை இவை.

முதலில் வளைவைப் பார்த்துவிட வேண்டும். மேசை மேல் உருட்டிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அது மட்டும் போதாது. கியூ ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பதால் நேரான கியூகூட உருளும்போது கொஞ்சம் ஆடுவதுபோலத் தெரியும். கண்ணருகே பிடித்து நீளவாக்கில் நோக்கியபடி மெல்லச் சுழற்றுங்கள். இரண்டு துண்டுக் கியூ என்றால் துண்டுகளைத் தனித்தனியாகவும் பாருங்கள். சில நேரம் மரம் நேராகவே இருக்கும், கோளாறு இணைப்பில் இருக்கும். உண்மையிலேயே வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். நிமிர்ந்த மரம் மறுபடி தன் பழைய வளைவுக்கே போக வாய்ப்பு அதிகம்.

அம்மா சொல்வதுபோல் தொடாமலே வைப்பதில் தப்பில்லை. ஆனால் சுவரில் சாய்த்து வைத்தால், வெயிலோ ஈரமோ படும் இடத்தில் வைத்தால், அதுவே கியூவைக் கெடுக்கும். படுக்கை வாட்டிலோ, சரியான தாங்கியில் நிமிர்த்தியோ வைக்கலாம்.

என் ஓட்டு அளவான பழுதுக்கு. செலவு குறைவு, கைக்கு உடனே தெரியும் மாற்றமும் இதில்தான். இறுகிய தோல் டிப்பில் சாக் பிடிக்காது, பந்தில் வழுக்கும். அதை மாற்றினாலே பாதி கியூ திரும்பிவிடும். ஸ்னூக்கர் கியூவுக்கு 9 முதல் 10 மில்லிமீட்டர், பூல் கியூவுக்குப் பெரும்பாலும் 13 மில்லிமீட்டரை ஒட்டிய டிப். அதற்குக் கீழே உள்ள ஃபெரூல் என்ற வளையம் ஸ்னூக்கரில் பித்தளை, பூலில் வெள்ளை. மிகப் பழைய பூல் கியூவில் அந்த வெள்ளை வளையம் யானைத் தந்தமாகவும் இருக்கலாம். 1990 முதல் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை உண்டு என்பதால், அப்படிப்பட்ட கியூவைப் பழுதுக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பிச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஷாஃப்டில் உள்ள சிறு பள்ளங்களுக்கு உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஈரத்துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியை ஒரு நொடி தொட்டால், நசுங்கிய நார்கள் ஆவியில் உப்பி எழும். அறுந்த நார் எழாது. வார்னிஷ் அடித்த பகுதியில் இதைச் செய்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஜாக்கிரதை. சாக் கறைக்கு மெலமைன் பஞ்சு நன்றாக வேலை செய்யும். ஆனால் அதுவும் நுண்ணிய உப்புத்தாள்தான், அடிக்கடி தேய்த்தால் ஷாஃப்ட் மெலியும். ஆஷ் மரம் என்றால் கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவித் துடைக்கலாம். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

தம்பியின் முழுப் புதுப்பிப்புக்கு வருவோம். கியூவை லேத்தில் மாட்டிப் பழைய வார்னிஷை எடுக்கும்போது மரத்திலும் ஓர் அடுக்கு போகும். தேய்த்தபின் பட் (கைப்பிடிப் பக்கத் தடித்த பகுதி), இணைப்பு வளையத்தைவிட ஒல்லியாகி, கையில் படி தட்டும். சில கியூக்களில் பதித்த மரம்போலத் தெரிவது வார்னிஷுக்கு அடியில் ஒட்டிய படம்தான். ஒரு தேய்ப்பில் காணாமல் போகும். அப்பா பேனாவால் எழுதிய எழுத்தும் அப்படித்தான். வார்னிஷ் உரிந்து மரத்துக்குள் ஈரம் இறங்குகிறது என்றால் மட்டும் இது நியாயம். அப்போதும் எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்து, வேலைக்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட் வளைந்தோ பிளந்தோ போனால் நான்காவது வழி ஒன்று இருக்கிறது: பழைய பட், புது ஷாஃப்ட். ஆட்டத்தில் தேய்வது ஷாஃப்ட்தான், கை பழகியது பட். பூல் கியூவில் இது எளிது, இணைப்புத் திருகின் மரை மட்டும் பொருந்த வேண்டும். 5/16-14, 3/8-10 (அங்குலத்தில் விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை) என்று பல அளவுகள் இருப்பதால் பட் பகுதியை நேரில் கொடுத்துப் பொருத்துவதே நல்லது. பழைய ஷாஃப்டை எறியாமல் அதே உறையில் வையுங்கள். ஒரே துண்டாக உள்ள ஸ்னூக்கர் கியூவுக்கு இது பொருந்தாது. அதை வெட்டி இணைப்பு வைக்கலாம்தான், ஆனால் வெட்டியதைத் திரும்பப் பெற முடியாது. அம்மா அதற்குச் சம்மதிக்க மாட்டார், நானும்தான்.

எங்கள் கியூ நேராகத்தான் இருந்தது. டிப் மாற்றி, கறையைத் துடைத்து, இரண்டு பள்ளங்களை ஆவியில் எழுப்பியதோடு நிறுத்திக்கொண்டோம். பிடியருகே உரிந்த இடம், அப்பாவின் உள்ளங்கை உட்கார்ந்த அதே இடம். அதை அப்படியே விட்டாயிற்று. தம்பி இன்னமும் வார்னிஷ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான்.