கட்டிலோரத்து மிதி சுவிட்ச்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

ராத்திரி எழுந்திருக்கும்போது அம்மா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்காகக் கட்டிலோரத்தில் ஒரு மிதி சுவிட்ச் செய்து வைத்தேன். பலகையில் கால் வைத்தால் பாத்ரூம் கதவு வரை எல்.இ.டி. ஸ்ட்ரிப் எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். சில மழைக்காலங்கள் போய்விட்டன, இன்றும் தினமும் வேலை செய்கிறது.

முதலில் செய்தது எல்லோரும் செய்கிற வகைதான்: இரண்டு அட்டையில் அலுமினியம் ஃபாயில், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்ச். மிதித்தால் ஓட்டை வழியாக இரண்டு ஃபாயிலும் தொட்டுக்கொள்ளும். பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு இது போதும், வீட்டுக்குப் போதாது. ஒரே இடத்தில் மிதிபட்டு ஸ்பாஞ்ச் அமுங்கியே போய்விடும்; அப்புறம் யாரும் மிதிக்காமலேயே விளக்கு எரியும். ஃபாயில் மேல் படியும் ஆக்சைடு, குறைந்த வோல்டேஜில் தொடர்பைச் சொதப்பும். சாதாரண ஈயம் வைத்து அதில் சால்டர் செய்யவும் முடியாது.

இப்போது இருப்பது லீவர் வைத்த மைக்ரோ சுவிட்ச். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். 1932-இல் அமெரிக்காவில் மெக்கால் என்பவர் கண்டுபிடித்த அதே அமைப்புதான்: நாம் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் உள்ளே இருக்கும் தகடு ஒரு புள்ளியில் டக்கென்று மாறிவிடும். ஆன் ஆகும் இடமும் ஆஃப் ஆகும் இடமும் சற்றுத் தள்ளியிருப்பதால், கால் லேசாக ஆடினாலும் விளக்கு மினுக்காது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: ஆளின் எடை சுவிட்ச் மேல் இறங்கவே கூடாது. சுவிட்சை அழுத்த நூறு இருநூறு கிராம் போதும். மேலே நிற்பவரோ ஐம்பது அறுபது கிலோ. அதனால் மிதிக்கும் பலகைக்குக் கட்டில் பக்கம் கீல், எதிர்ப்பக்கம் இரண்டு மெல்லிய ஸ்பிரிங், பக்கத்திலேயே தேக்குத் துண்டில் இரண்டு தடுப்புக்கட்டை. பலகை சில மில்லிமீட்டர் இறங்கியதும் கட்டையில் உட்கார்ந்துவிடும். அதற்குச் சற்று முன்பே லீவர் 'டிக்' என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டைக்கு அடியில் காகிதம் மடித்து வைத்து இந்த உயரத்தைப் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். சுவிட்சின் ஆயுள் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விளக்கு தானே அணைய 555 என்ற டைமர் ஐ.சி. போதும். 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் கணக்குப்படி 110 விநாடி. கெப்பாசிட்டர் கசிவால் நிஜத்தில் கூடக்குறைய வரும். மிதித்தபடியே நின்றால் அணையாது, பெரியவர்களுக்கு அது நல்லதுதான். ஸ்ட்ரிப்பை ஐ.சி.யில் நேரடியாக மாட்டாமல் ஒரு மாஸ்ஃபெட் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் ட்ரான்சிஸ்டர்) வழியாக ஓட்டுங்கள். எல்லாமே 12 வோல்ட் அடாப்டரில்தான். காலுக்கு அடியில் 230 வோல்ட்டைக் கொண்டுபோகும் பேச்சே வேண்டாம்.

பராமரிப்பு என்றால் தரை துடைக்கிற தண்ணீர்தான் பெரிய எதிரி. பிளைவுட் ஓரங்களுக்குப் பெயின்ட், சுவிட்சில் ஒயர் ஒட்டிய முனைகளுக்குச் சிலிகான் வைத்த பிறகு தொல்லை இல்லை. அடிப்பலகையிலிருந்து ஒயர் வெளியே வரும் இடம் அடிக்கடி வளைந்து அறுகிறது. பல இழை ஒயரைப் போட்டு ஒரு கிளிப் அடித்துவிட்டால் போதும்.

உயரத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். பலகை இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் காலை இழுத்து நடப்பவருக்குத் தடுக்கும். சின்ன அளவு சுவிட்சாக வாங்குங்கள், ஓரத்தைச் சரிவாகச் சீவுங்கள், அடியில் ரப்பர் ஒட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் தடுக்கும் என்று தோன்றினால் அந்த வீட்டுக்கு மிதி சுவிட்ச் வேண்டாம், ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கே நல்லது.