கோள் அளவுத் தலைநகரத்துக்கு பிளெண்டர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கோள் முழுக்க ஒரே நகரம், அதுவும் நம்மைவிடப் பல படி முன்னேறிய வேற்றுலகவாசிகளின் தலைநகரம். இதை வடிவமைக்க, முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருளான பிளெண்டர் போதுமா? படம் காட்டத் தாராளமாகப் போதும். அந்த நகரம் தாக்குப்பிடிக்குமா என்பதை மட்டும் அது சொல்லாது, அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

முதலில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் அளவு. பூமி மாதிரி 6,371 கிலோமீட்டர் ஆரம் உள்ள கோளத்தை மீட்டர் கணக்கில் அப்படியே போட்டால், வியூபோர்ட்டில் (நாம் வேலை செய்யும் காட்சிச் சாளரம்) எவ்வளவு தூரம் வரை தெரியும் என்று வரையறுக்கும் கிளிப் எண்ட் 1,000 மீட்டரிலேயே நிற்பதால் ஒன்றும் தெரியாது. சரி, அதை ஏற்றிவிடலாம். அப்புறம்தான் நிஜத் தலைவலி: புள்ளிகளின் இடத்தை பிளெண்டர் 32 பிட் எண்களில் வைத்திருக்கிறது, மையத்திலிருந்து 64 லட்சம் மீட்டர் தள்ளிப் போய்விட்டால் அரை மீட்டருக்குக் கீழான இடைவெளியை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. சன்னல் சட்டம், கைப்பிடி, படிக்கட்டு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெளியும். யூனிட்டைக் கிலோமீட்டராக மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. எண் எவ்வளவு சுருங்குகிறதோ அதே விகிதத்தில் படிக்கட்டும் சுருங்கிவிடுகிறதே. விண்ணிலிருந்து பார்க்கும் காட்சிக்குச் சின்னக் கோளமாக ஒரு ஃபைல், தெருவுக்கு மையப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் என்று பிரித்துக்கொள்வதுதான் நல்ல வழி. 10 கிலோமீட்டருக்குத் தரை 8 மீட்டர் அளவுக்குத்தான் வளைகிறது, தெருவைத் தட்டையாகப் போட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பிளெண்டர் அசத்துகிற இடம் ஜியோமெட்ரி நோட்ஸ், அதாவது 'நோட்' என்ற சின்னப் பெட்டிகளை இணைத்து வடிவங்களைத் தானாக உருவாக்கும் வசதி. ஏழெட்டுக் கட்டடங்களைச் செய்து வைத்துக்கொண்டு பரப்பு முழுக்க இன்ஸ்டன்ஸாக (மூல வடிவத்தையே சுட்டும் நகலாக) தூவினால் போதும், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் நினைவகமும் தாங்கும். இரவுப் பக்கத்துக்கு பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வோரனோய் டெக்ஸ்சரில் 'டிஸ்டன்ஸ் டு எட்ஜ்' (ஓரத்துக்கு உள்ள தூரம்) போட்டால் கோடுகள் தெருக்களாகிவிடும், அதற்குள் இன்னொரு நுண்ணிய வோரனோய் போட்டால் சந்துகள். ஆனால் இதோடு நிறுத்தினால் குளியலறை டைல்ஸ் மாதிரிதான் இருக்கும், தலைநகரம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆட்சி எங்கே நடக்கிறது, சரக்கு எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டும். விண் மின்தூக்கி (தரையிலிருந்து விண்வெளிக்குச் சரக்கு ஏற்றும் வடம்) வைப்பதாக இருந்தால் அதன் இயல்பான இடம் நிலநடுக்கோடு, ஆகவே வெளிச்சத்தையும் அங்கே திரட்டுங்கள். எங்கே வெளிச்சம் வர வேண்டும் என்று குறிக்கும் முகமூடியை (மாஸ்க்) கையால் வரைவது நல்லது, தற்செயல் வடிவம் தரும் நாய்ஸை மட்டும் நம்பினால் எந்தக் கோளும் ஒரே மாதிரிதான் வரும்.

இனி பிளெண்டர் வாயே திறக்காத விஷயம், வெப்பம். சதுர கிலோமீட்டருக்கு 20,000 பேர் என்று வைத்தால், பூமியின் 51 கோடி சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் கோடிப் பேருக்கு மேல் வாழலாம். நம்மைப் போல ஆளுக்கு 100 வாட் உடல் சூடு என்றாலே சதுர மீட்டருக்கு 2 வாட் ஆகிறது, அது பரவாயில்லை. எந்திரங்கள்தான் வில்லன். பூமி சூரியனிடமிருந்து சராசரியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 240 வாட் உறிஞ்சுகிறது. நகரமும் அதே அளவு கக்கினால், அத்தனையையும் விண்ணுக்குத் தள்ள கோளின் கதிர்வீச்சு வெப்பநிலை 255 கெல்வினிலிருந்து 303 கெல்வினுக்கு ஏற வேண்டும். காற்றுமண்டலத்துக்கு அடியில் தரை அதைவிடச் சூடு. முன்னேறிய நாகரிகம் என்று சொல்லிவிட்டு இதற்கு வழி காட்டாமல் இருந்தால் எப்படி? துருவங்களில், வெப்பத்தை விண்ணுக்கு வீசும் வெப்பச் சிறகுகளை மைல் கணக்கில் உயரமாக நிறுத்தலாம், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். அகச்சிவப்பைப் பார்க்கும் கண் அந்த உயிரினங்களுக்கு இருந்தால் இன்னும் சுவாரசியம், அவர்களுக்கு நகரத்திலேயே பளிச்சென்று தெரிவது அந்தச் சிறகுகள்தான்.

பிளெண்டருக்கு விலை கிடையாது, திறமூல மென்பொருள், செய்த படம் உங்களுக்கே சொந்தம். படத்தை உருவாக்க அதிலுள்ள கருவிகளில், சோதனைக்கு வேகமான ஈவீ போதும், கடைசிப் படத்துக்கு துல்லியமான சைக்கிள்ஸ். நோட் பழக்கமே இல்லாதவர்கள் கட்டடங்களைத் தொடாமல், வெறும் கோளத்தில் இரவு விளக்குகளை மட்டும் முதலில் கொண்டுவந்து பாருங்கள்.