வைட்டமின் சி குறைபாடு: மாத்திரையா, கொய்யாவும் நெல்லியுமா?

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் அது வெறும் ஈறு நோயாகவும் இருக்கலாம். அதோடு காலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், சுருண்டு முறுக்கிய முடி, அடிபடாமலே கன்றல், ஆறாத புண், ஓயாத அசதி சேர்ந்தால்தான் வைட்டமின் சி குறைபாடு என்ற சந்தேகம் வலுக்கும். பல் விழுந்த பெரியவர்களுக்கு ஈறு ஒன்றும் காட்டாது, காலைப் பாருங்கள். களியும் குழம்பும் மட்டுமே சாப்பிட்டு, குடியும் பீடியும் உள்ளவர்கள் அதிகம் மாட்டுவார்கள். கேழ்வரகில் இந்தச் சத்து இல்லை. தருமபுரிப் புளியிலும் பெயருக்குத்தான். புளிப்பெல்லாம் வைட்டமின் சி ஆகிவிடாது.

அளவும் வேகமும்
மாத்திரை: நாளுக்கு 300 முதல் 1000 மி.கி. வரை, ஒரு மாதம் தருவது வழக்கம். அசதி சில நாளில் குறையும்; ஈறு தேற ஒன்றிரண்டு வாரம்.
பழம்: 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல், நெல்லியில் சுமார் 250. கிருஷ்ணகிரி மாம்பழம் இவற்றுக்கு அருகில்கூட வராது.

செலவு
மாத்திரை: ஒன்று சில ரூபாய்தான்.
பழம்: பருவத்தில் மலிவு. வீட்டு மரம் இருந்தால் இலவசம்.

கெடுவது
மாத்திரை: நாளுக்கு 2 கிராம் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.
பழம்: பச்சையாகத் தின்றால் கவலையில்லை. முருங்கைக்கீரையை வெகுநேரம் வேகவைத்து நீரை வடித்தால் பாதிச் சத்து அதோடு போய்விடும்.

ரத்தக்கசிவும் புள்ளிகளும் தெரிந்தவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரைதான். பழத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம். அசதி மட்டும் உள்ளவர்களுக்கும், மாத்திரை முடித்தவர்களுக்கும் தினம் ஒரு கொய்யா போதும்.