காற்றடிக்கிற போர்டா, ஹார்ட் போர்டா: நான்கு வருஷம் முட்டுக்காட்டிலும் கோவளத்திலும்

ஸ்டாண்ட் அப் பேடில்போர்டு, அதாவது தண்ணீரில் மேலே நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை, வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது எது நன்றாக ஓடும் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, போர்டை ராத்திரி எங்கே வைக்கப் போகிறீர்கள்? எனக்குச் சென்னை துரைப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் சின்னது, காரும் சின்னது. பத்தரை அடி ஹார்ட் போர்டு, அதாவது காற்றடிக்காத கெட்டிப் பலகை, படிக்கட்டுத் திருப்பத்திலேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் 32 அங்குல அகலம், 6 அங்குல கனத்தில் காற்றடிக்கிற போர்டு வாங்கினேன். பம்ப், துடுப்பு எல்லாம் சேர்த்து ஒரே முதுகுப் பையில் அடங்கிவிடும், பை 13 கிலோ. இரண்டு வருஷம் கழித்து ஹார்ட் போர்டும் வாங்கினேன், கோவளத்தில் (கேரளத்துக் கோவளம் இல்லை, முட்டுக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை) தெரிந்த ஒரு அண்ணன் தன் வீட்டுச் சந்தில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்ததால் மட்டும்.

காற்றடிக்கிற போர்டு என்றதும் குளத்தில் மிதக்கும் ரப்பர் மெத்தை மாதிரி நினைக்க வேண்டாம். உள்ளே மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன, அதனால்தான் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றினாலும் உருண்டையாக உப்பாமல் பலகை போல நிற்கிறது. அந்த 15-ஐத் தொடுவதுதான் வேலை. பத்து வரை சுலபம், அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடை முழுக்க பம்ப் மேல் இறங்க வேண்டும். எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். சோம்பல்பட்டு 12-இல் நிறுத்தினால், நான் 78 கிலோ, நடுவில் தொய்கிறது, துடுப்புப் போடும் பலம் பாதி அந்தத் தொய்விலேயே போய்விடுகிறது.

நம் ஊர் வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலை 30 டிகிரியில் 15 அடித்துவிட்டு மணலில் போட்டு வைத்தால், உள்ளே காற்று 50 டிகிரிக்குச் சூடாகும்போது அழுத்தம் 17-ஐத் தொட்டுவிடும். அதைவிட மோசம், ஓரத்துப் பசை சூட்டில் இளகுவது. எனக்கு இரண்டாவது மே மாதம் பின்பக்க ஓரத்து ஒட்டு இரண்டு விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டது. விற்ற கடை, வெயிலில் போட்டதற்கு வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, பி.வி.சி. பசை போட்டு ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்தேன். இன்று வரை பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் தண்ணீரை விட்டு ஏறியதும் முதல் வேலை கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவது, இல்லையென்றால் நிழல் தேடுவது.

முட்டுக்காட்டு உப்பங்கழிக்கு இது போதும், தாராளமாகப் போதும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடி தண்ணீர் குறையும்போது ஃபின்னும் (அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது) அடிப்பக்கமும் தரை தட்டும், காற்றடித்த போர்டு அதற்கெல்லாம் அசராது. மகளுக்கு ஒன்பது வயது, தலைகுப்புற அதன் மேலேயே விழுகிறாள், ஒன்றும் ஆவதில்லை. ஹார்ட் போர்டில் அப்படி விழ விடமாட்டேன். ஆனால் பாலத்துத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி, எந்த போர்டாக இருந்தாலும் தள்ளியே போங்கள்.

கடல் வேறு. ஒரு ஜூலை காலை கோவளத்தில் மேற்கிலிருந்து கரைக்காற்று, கரையில் நின்றால் தெரியவே தெரியாத காற்று, உள்ளே போனதும் என்னைத் தள்ளிக்கொண்டே போனது. காற்றடித்த போர்டு தண்ணீருக்கு மேலே உயரமாக மிதக்கும், காற்றுக்கு அது பாய் மாதிரி. மண்டி போட்டு, குனிந்து, முந்நூறு மீட்டர் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. காலில் லீஷ், அதாவது காலையும் போர்டையும் சேர்க்கும் கயிறு, கட்டியிருந்தேன், இல்லாமல் விழுந்திருந்தால் போர்டை நீந்திப் பிடித்திருக்க முடியாது. அந்த நாளைக்கு அப்புறம்தான் ஹார்ட் போர்டு ஆசை உறுதியானது.

ஹார்ட் போர்டில் முதல் நாளே வித்தியாசம் காலுக்குத் தெரிந்தது. ஒரு தடவை துடுப்பை இழுத்தால் வழுக்கிக்கொண்டே போகிறது, நிற்க மனசில்லாமல் போகிறது. அலையில் ஓரம் தண்ணீரைக் கவ்வித் திரும்புகிறது. காற்றடித்ததன் உருண்ட ஓரத்துக்கு அது வராது. அந்தச் சுகத்துக்கு நான் எதையும் ஈடாகச் சொல்லமாட்டேன்.

அந்தச் சுகத்துக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், ஹார்ட் போர்டைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். பாறையில் ஒரு இடி, மேல் ஃபைபரில் நகக்கண் அளவு விரிசல். உள்ளே இருப்பது தெர்மோகோல் வகை நுரை, விரிசல் வழியே தண்ணீர் இறங்கினால் போர்டு கனத்துப்போகும், காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ஃபைபர் படகு ஒட்டுகிற சாதாரண பாலியஸ்டர் ரெசினை இதற்குப் போடவே கூடாது, அது அந்த நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எப்பாக்ஸிதான். எனக்குக் கடைசி நிமிஷத்தில் ஒருவர் சொன்னதால் தப்பித்தது.

இன்றைக்கு நிலவரம் இது. வாரநாளில் விடியற்காலை ஒரு மணி நேரம் கிடைத்தால் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு முட்டுக்காடு. ஞாயிறு, அலை சின்னதாக, காற்று இல்லாமல் இருந்தால் கோவளத்துச் சந்திலிருந்து ஹார்ட் போர்டு. இரண்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் மனசு ஹார்ட் போர்டைச் சொல்லும், ஆனால் நான் பையைத்தான் வைத்துக்கொள்வேன். அது இல்லாவிட்டால் நான் மாதத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீரில் இருப்பேன்.